ராகு காலத்தில் ஒரு பில்டு

அக்டோபர் 1, செவ்வாய்

எங்கள் ஆபீசில் முதலாளி வயிரவன் சாருக்கு அடுத்தபடியாக அதிகாரம் உள்ளவர் என் மேசைக்கு அடியில் இருக்கிறார். பழைய கறுப்புக் கம்ப்யூட்டர். எல்லோரும் ‘பெரியவர்’ என்பார்கள். யாருடைய காலாவது தெரியாமல் அவர்மேல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் உண்டு. நான் ஒற்றிக்கொள்வதில்லை. என் அப்பா கருப்புச் சட்டைக்காரர், வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

நாங்கள் தனியார் பஸ்களுக்கு டிக்கெட் மிஷின் சாப்ட்வேர் எழுதுகிறோம். திருச்சி தில்லைநகரில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. எல்லோரும் ஜாவாவில் எழுதுகிற புரோகிராம் கோடை ஒன்றாகச் சேர்த்து, சோதித்துப் பார்த்து, கம்பெனி முத்திரை குத்தி, டிக்கெட் மிஷினுக்குள் போகிற மாதிரி ஒரே பொட்டலமாகக் கட்டுவதற்குப் பெயர் பில்டு. அது பெரியவரிடம் மட்டும்தான் நடக்கும். வேறு மிஷினில் போட்டால் பாதியில் படுத்துவிடும். பெரியவரும் நான் எதிரில் உட்கார்ந்தால்தான் ஒத்துழைப்பார். ஆகவே வெள்ளிக்கிழமை காலை என்றால் கனல்மொழி ஆபீசில் இருந்தாக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எதுவும் செல்லாது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இல்லை என்று எழுதினால் பொய்.

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த ஹபீபாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள்தான் இனி எங்களுக்கு லீடு. குனிந்து பெரியவரைப் பார்த்துவிட்டு, இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். வயிரவன் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பில்டை கிளவுடுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது ஹபீபாவின் கட்சி. தாராளமாக மாற்றலாம், தீபாவளி முடியட்டும் என்றேன்.

வீட்டில் சாப்பிடும்போது அப்பா, “இருபத்தஞ்சாம் தேதி” என்றார். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, பில்டு இருக்கிறதே என்றேன். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அக்டோபர் 3, வியாழன்

இருபத்தைந்தாம் தேதி என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்குக் கல்யாணம்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பா பிச்சைமுத்து, அரசு பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். மணப்பெண் அமலோற்பவம் டீச்சர். லால்குடியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், தினமும் அப்பாவின் பஸ்ஸில்தான் போய் வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அந்தக் காலத்தில் அப்பாவுக்கு அவர் சில்லறை சரியாகக் கொடுக்கும் ஒரு பயணி, அவ்வளவுதான். அம்மாவுக்குத்தான் நல்ல பழக்கம். டீச்சரின் பிளவுஸ் எல்லாம் அம்மா தைத்ததுதான். போன வருஷம், உயிரோடுதான் இருக்கிறோம் என்று பென்ஷன் ஆபீசில் காட்டுவதற்காக நின்ற வரிசையில் இரண்டு பேரும் திரும்பச் சந்தித்திருக்கிறார்கள். அங்கே ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை.

அப்பா சாமி இல்லை என்பவர், டீச்சர் ஞாயிறு பூசை தவறாதவர். ஆகவே ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். ஜூலைக் கடைசியில் நோட்டீஸ் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த நோட்டீஸ் செத்துவிடும். இந்த மாதம் இருபத்தெட்டு, இருபத்தொன்பதுக்கு மேல் தாங்காது. ஏற்கெனவே இரண்டு தேதி வைத்து, இரண்டும் என் பில்டால் தள்ளிப்போயின.

ஏன் வெள்ளிக்கிழமையாகவே வைக்கிறார்கள் என்றால், அப்பாவுக்கு ராகு காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவைக் கட்டியதும் ராகு காலத்தில்தான், மேடை போட்டு, மாலை மாற்றி. கொள்கையும் ஆயிற்று, ரிஜிஸ்டர் ஆபீசில் அந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது. மற்ற நாட்களின் ராகு காலம் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் போய் விழுகிறது. செவ்வாய் மத்தியானம் தோதாக இருக்கிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை டீச்சருக்கு அந்தோணியார் கோயில். மிச்சம் இருப்பது வெள்ளி பத்தரை டு பன்னிரண்டு.

சாட்சி மூன்று பேர் வேண்டும். அப்பாவின் டிப்போ நண்பர்கள் இரண்டு பேர் தயார். மூன்றாவது ஆள் நான்தான் என்று டீச்சர் பிடிவாதமாக இருக்கிறாராம்.

எனக்கு இதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. இருந்தால் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டேனா? பில்டு இருக்கிறது, அதுதான் விஷயம்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை லீவு என்பதால் இன்றே ஆபீசில் பூஜை போட்டுவிட்டார்கள். பொரி, கடலை, வாழைப்பழம், எல்லா லேப்டாப்பிலும் சந்தனம். பெரியவரை மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து, துடைத்து, மாலை போட்டு நடு ஹாலில் உட்கார வைத்தார் வயிரவன் சார். பூஜைக்கு வைத்த ஆயுதம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, அணைத்துவிடு என்றார். அவரை அணைத்துப் பல வருஷம் ஆகிறது சார், வேண்டாம் என்றேன். ஒருநாள் அவரும்தான் தூங்கட்டுமே என்றார்.

அணைத்தேன். விசிறிச் சத்தம் நின்றதும் ஹால் அமைதியாகிவிட்டது. ஹபீபா பொரியைக் கொறித்துக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

அக்டோபர் 14, திங்கள்

பெரியவர் எழுந்திருக்கவில்லை.

காலையில் ராகு காலம் முடியட்டும் என்று ஒன்பது மணிவரை காத்திருந்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டோம். ஒரு தடவை ‘கிர்’ என்றார், அதோடு சரி. சர்வீஸ்காரர் வந்து திறந்து பார்த்துவிட்டு, உள்ளே தூசி மட்டுமே ஒரு கிலோ இருக்கும் என்றார். ஹார்டு டிஸ்க் போயே போய்விட்டது. கோடு எல்லாம் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. முத்திரைக் கோப்பை நான் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். போனது பெரியவர் மட்டும்தான்.

தீபாவளிக்குச் சிறப்புப் பஸ் விடுகிறவர்கள் எல்லோரும் புது வெர்ஷனுக்குக் காத்திருக்கிறார்கள். கடைசி ரிலீஸ் இருபத்தைந்தாம் தேதி வெள்ளி. வயிரவன் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஹபீபா அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்போதாவது கிளவுடுக்குப் போகலாமா சார் என்று கேட்டாள்.

அப்பாவிடம் சொன்னேன். சிரிக்கக்கூடாது என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே. “பூஜை போட்டே கொன்னுட்டீங்களேம்மா” என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய்

மேசைக்கு அடியில் கால் நீட்ட இடம் இருக்கிறது. பிடிக்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

கிளவுடு என்றால் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர். நாம் கோடை மாற்றினாலோ, நேரம் குறித்துக் கொடுத்தாலோ, அது தானாக விழித்து பில்டை முடித்துக் கொடுத்துவிட்டு அழிந்துவிடும். அடுத்த தடவை புதிதாகப் பிறந்து வரும். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுத்தால் போதும். பழசு எதுவும் அதற்கு ஞாபகம் இருக்காது, அதுதான் அதோட அழகே என்றாள் ஹபீபா. அதில் என்ன அழகோ.

முதல் முயற்சி அரை நிமிஷத்தில் சிவப்பு, அதாவது தோல்வி. ஜாவா வெர்ஷன் புதிது, எங்கள் கோடு பழசு. வெர்ஷனைக் குறைத்தோம். மறுபடி சிவப்பு. டிக்கெட் பிரின்ட் செய்யும் லைப்ரரி என்கிற துணைக்கோப்பு ஒன்றைக் காணோம். எந்தக் காலத்திலோ யாரோ அதைப் பெரியவரின் வயிற்றுக்குள் நேராகப் போட்டிருக்கிறார்கள், வெளியே எங்கும் இல்லை. பெரியவரிடம் மட்டும் பில்டு ஆனதன் ரகசியம் இவ்வளவுதான். அவருக்குச் சக்தியும் இல்லை, எனக்குக் கைராசியும் இல்லை.

பழைய மெயில்களைக் குடைந்து சாயங்காலத்துக்குள் அந்த லைப்ரரியைக் கண்டுபிடித்துவிட்டேன். ஹபீபா என் முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாக வேலை செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அது கொஞ்சம் இடித்தது.

அக்டோபர் 18, வெள்ளி

பில்டு இல்லாத வெள்ளிக்கிழமை. பத்தரைவரை என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று டீ குடித்தேன்.

ஹபீபா முத்திரையின் பாஸ்வேர்டைக் கேட்டாள். வெளியே போகிற ஒவ்வொரு வெர்ஷனிலும் கம்பெனி முத்திரை இருந்தால்தான் டிக்கெட் மிஷின் அதை ஏற்றுக்கொள்ளும். முத்திரையைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் வைத்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நான் என் கையால் அடிக்கிறேன், வேறு யாருக்கும் தெரியாது.

இனிமேல் அதை கிளவுடில் ரகசியப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்துவிட்டால் பில்டு தானே எடுத்துக்கொள்ளுமாம். பாதுகாப்பு விஷயம், யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றேன். எதில் பாதுகாப்பு இல்லை என்று கேட்டாள். பொதுவாகச் சொன்னேன் என்றேன். திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

டீச்சர் பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். தூக்கில் முறுக்கு. அப்பா காபிப்பொடி வாங்க என்று வெளியே போய்விட்டார். டப்பாவில் பொடி முக்கால்வாசி இருந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப வேலை போல முகத்தை வைத்துக்கொண்டேன். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவர், எந்தப் பிள்ளை கணக்குப் போடுகிறது, எது போடுகிற மாதிரி நடிக்கிறது என்று தெரியாதா?

“கண்ணு, ஒரு நிமிஷம் அதை மூடு” என்றார். மூடினேன்.

“நீ வரலேன்னா எனக்குக் கோவம் இல்ல. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா நீ வராம நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்கம்மா வீட்டுக்குள்ள அவ பொண்ணு மனசில்லாம நான் வந்து உக்கார முடியாது. இத்தனை வருஷம் டிக்கெட் வாங்கிட்டுத் தள்ளி உக்காந்தவதானே, இனிமேலும் தள்ளியே உக்காந்துக்கறேன்.”

மனசில்லாமல் இல்லை டீச்சர், பில்டு இருக்கிறது, மிஷின் வேறு செத்துவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, அப்பா வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

அப்பா பிறகு சொல்லித்தான் தெரியும். மணப்பாறையில் இருக்கும் டீச்சரின் தம்பி, சாமி இல்லாதவனைக் கட்டுகிறவள் எனக்கு அக்காவே இல்லை என்று சொல்லிவிட்டாராம். அவர் வீட்டிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். டீச்சர் என்னிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

முறுக்கு நன்றாக இருந்தது. அம்மா எள் போடுவாள், டீச்சர் ஓமம் போடுகிறார்.

அக்டோபர் 21, திங்கள்

இன்று நல்ல கூத்து. கிளவுடில் டெஸ்ட் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. விடியற்காலை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டால் முந்தின நாள் தேதி விழுகிறது. இங்கே என் லேப்டாப்பில் சரியாக இருக்கிறது. மத்தியானம் வரை மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஹபீபா சிரித்துவிட்டாள். அந்த வாடகைக் கம்ப்யூட்டரின் கடிகாரம் நம் ஊர்க் கடிகாரம் இல்லை, நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நமக்கு விடிந்திருக்கும், அதற்கு இன்னும் நேற்று. டெஸ்ட்டுக்கு மட்டும் நம் ஊர் நேரத்தைச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் பச்சை.

இதுகூடத் தெரியாமல் அரை நாளை வீணடித்தோமே என்று இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். இனி ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

பாஸ்வேர்டு பற்றிக் கேட்டாள். நாளைக்கு என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

நாளைக்கு என்றேன்.

அக்டோபர் 23, புதன்

ஹபீபா இன்று என்னைக் கீழே ஜூஸ் கடைக்கு அழைத்துப் போனாள். சாத்துக்குடி வந்தது. பிறகு, பாஸ்வேர்டு மறந்துபோய்விட்டதா, சொல்ல மனசில்லையா என்று நேராகக் கேட்டாள். மறந்திருந்தால் சொல், புது முத்திரை செய்துகொண்டு எல்லா மிஷினையும் திரும்ப வரவழைக்கலாம், உன்னை யாரும் திட்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவ்வளவு நல்லவளிடம் மேலும் புளுக எனக்கு வாய் வரவில்லை. அது எங்க அம்மா பேரு என்றேன்.

அவள் ஸ்ட்ராவைக் கீழே வைத்தாள்.

அம்மாவின் பேர் தனபாக்கியம். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் எழுத்து உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டென்று தோன்றியதை வைத்தேன், அவ்வளவுதான். அப்போது அம்மா நன்றாகத்தான் இருந்தாள். இந்த நாலு வருஷத்தில் அந்தப் பேரைச் சொல்கிறவர்களே இல்லாமல் போய்விட்டார்கள். அப்பா என் முன்னால் சொல்வதில்லை. ரேஷன் கார்டிலும் நீக்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் அடிக்கிறேன். அதையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

ஹபீபா ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். “ஒருதடவை உள்ள போட்டுட்டா அதை நீ கூடப் பாக்க முடியாது கனல். யாராலயும் முடியாது. ஆனா ஒவ்வொரு பில்டும் அதை வச்சுத்தான் நடக்கும்.”

மேலே வந்தோம். ரகசியப் பெட்டியைத் திறந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், அடுத்தவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பார்க்கக்கூடாது என்ற மரியாதைக்காக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சேமித்தேன். பில்டை ஓட்டினோம். திரையில் லாக் என்கிற வேலைக் குறிப்பு ஓடிக்கொண்டே வந்து முத்திரை குத்தும் இடத்துக்கு வந்தபோது, அம்மா பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரம் மட்டும் தெரிந்தது. அதைத் தாண்டி ஓடியது. பச்சை.

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். முகம் கழுவி வந்தபோது வயிரவன் சார் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவரச் சொல்லியிருந்தார். இரண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

காலையிலேயே அப்பாவிடம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பில்டு இல்லையா என்றார். இருக்கிறது, ஆனால் நான் இல்லாமலே நடக்கும் என்றேன். அப்பா அயர்ன் செய்துகொண்டிருந்த கருப்புச் சட்டையை அப்படியே வைத்துவிட்டு டீச்சருக்குப் போன் போடப் போய்விட்டார். நான் ஓடிப்போய் அயர்ன் பாக்ஸை எடுத்தேன். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு நான் என் போனைத் தொடக்கூடாது என்று மட்டும் அப்பா கண்டிஷன் போட்டார்.

ஆபீசில் கடைசி வேலை, நேரம் குறிப்பது. வயிரவன் சார் நாட்காட்டியில் நாளைய தாளையே கிழித்துக்கொண்டு வந்துவிட்டார். பத்தரைக்கு மேல் ராகு காலம், அதற்குள் எல்லாம் முடிந்து எல்லா மிஷினிலும் போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். கவலையே படாதீர்கள் சார், காலை ஆறு மணிக்கே ஓடும்படி வைத்துவிடுகிறேன் என்று அவர் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். வெள்ளி, ஆறு மணி, பூஜ்யம் நிமிஷம். சார் அந்த ஸ்கிரீனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அக்டோபர் 25, வெள்ளி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் நன்றாகத் தூங்கி எழுந்தேன். போனைச் சத்தமில்லாமல் செய்து பையில் போட்டேன். பதினொரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் இருந்தோம். அப்பா சொன்னது சரி, எங்களைத் தவிர ஒருத்தர் இல்லை. வேப்பமரத்தடியில் இன்னொரு ஜோடி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்தது. அப்பாவைப் பார்த்து, உள்ளே போகிறீர்களா, இப்போதா என்று மிரண்டுபோய்க் கேட்டார்கள். டிப்போ நண்பர்கள் இரண்டு பேரும் கருப்புச் சட்டையில் வந்திருந்தார்கள்.

டீச்சர் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். தேன் நிறத்தில் புதுப் புடவை. பிளவுஸ் பழசு. கைப்பக்கம் குழாய்த் தையல் வைத்து ஓரம் மடித்திருந்தது, எனக்குத் தெரியாதா அந்த மடிப்பு? நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “வேற யார் தச்சாலும் தோள் நிக்க மாட்டேங்குது கண்ணு” என்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சரியாக அப்போது என் பை அதிர ஆரம்பித்தது. விட்டு விட்டு இல்லை, விடாமல். அப்பா முறைத்தார். எடுத்துப் பார்த்தால் வயிரவன் சாரின் அழைப்பு. அதற்குப் பின்னால் இன்னொரு செய்தி: பில்டு தொடங்கியது.

ஆறு மணிக்கு ஓட வேண்டியது பதினொன்றரைக்கு ஏன் தொடங்குகிறது? நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. வாடகைக் கம்ப்யூட்டருக்கு இப்போதுதான் மணி ஆறு. டெஸ்ட்டுக்குத்தான் நம் ஊர் நேரத்தைச் சொல்லிக் கொடுத்தோம், இதற்குச் சொல்லவில்லை. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் என்று திங்கட்கிழமை எழுதியவள், ராகு காலத்தின் நட்ட நடுவில் நேரம் குறித்து வைத்திருக்கிறேன்.

வெராண்டாவுக்கு வந்து போனை எடுத்தேன். சார் பாவம், அழாத குறை. பத்து மணிக்கு வந்து பார்த்தாராம், பில்டு ஓடவில்லை. கல்யாண நாளில் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஹபீபாவுக்குக் காத்திருந்தாராம். ஹபீபா வண்டி பஞ்சராகி அவள் வந்து சேர்வதற்குள் பத்தரை ஆகிவிட்டது. சரி, பன்னிரண்டுக்கு மேல் கையால் ஓட்டலாம் என்று இருந்தார்களாம். இப்போது பார்த்தால் யாரும் தொடாமலே அது பாட்டுக்கு ஓடுகிறது. ஹபீபா நிறுத்த மாட்டேன் என்கிறாள், பாதியில் நிறுத்தினால் சிக்கல் என்கிறாள், நீ சொல்லம்மா, நீயாவது வந்து நிறுத்தம்மா என்றார். ஆபீஸ் பக்கம்தான். ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். போகாமலும் முடியும். போனிலேயே நிறுத்துகிற பட்டன் சிவப்பாக இருந்தது, என் கட்டைவிரலுக்குக் கீழே.

உண்மையை எழுத வேண்டும். அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. இதோ, மறுபடி பில்டு. போய்விட்டு வருகிறேன் அப்பா என்றால் அப்பா தடுக்க மாட்டார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். நோட்டீஸ் செத்துப்போகும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

உள்ளேயிருந்து கிளார்க்கின் குரல் கேட்டது. அந்த அம்மாளுக்கு அலுப்பு, வேறு ஒன்றுமில்லை. “சாட்சி எல்லாம் மாப்பிள்ளை பக்கமா? பொண்ணு வீட்டுலேர்ந்து யாருமே வரலையா?”

ஜன்னல் வழியாக எனக்கு டீச்சரின் முதுகு தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்து பழக்கப்பட்டவர், பதில் தெரியாத பிள்ளை மாதிரி நின்றார். தோளில் அம்மாவின் தையல் சுருக்கமில்லாமல் நின்றது.

“ஓடட்டும் சார்” என்றேன் போனில். “இங்கயும் இப்பத்தான் நடக்குது.” வைத்துவிட்டேன்.

உள்ளே போனேன். கிளார்க் நிமிர்ந்து, நீங்க யாரு என்றார்.

“நான் பொண்ணு வீடு” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். டீச்சர் பார்க்கவில்லை, மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார், டீச்சர் போட்டார், நான் போட்டேன். கனல்மொழி, தந்தை பெயர் பிச்சைமுத்து, தாய் பெயர் தனபாக்கியம். கிளார்க் அதை வாய்விட்டு ஒருமுறை படித்துச் சரிபார்த்தார். அந்தப் பேரை ஒரு குரல் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்கும் அழுகை வந்தது, அப்பாவுக்கும் வந்தது, டீச்சர்தான் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து இரண்டு பேருக்கும் ஒன்றாகக் கொடுத்தார்.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். பச்சை. எல்லா மிஷினுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஹபீபாவிடமிருந்து ஒரே ஒரு வரி: சார் தண்ணீர் குடித்துவிட்டார், நீ மெதுவாக வா.

டீச்சருக்கு வெள்ளிக்கிழமை கறி கிடையாது என்பதால் சைவச் சாப்பாடு. டிப்போ நண்பர்களுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

அக்டோபர் 26, சனி

பஸ்கள் ஓடுகின்றன, டிக்கெட் சரியாக விழுகிறது, ஒரு புகார் இல்லை. வயிரவன் சார் கூப்பிட்டு, பில்டு நேரத்தை மட்டும் மறக்காமல் மாற்றிவிடும்மா என்றார். மாற்றிவிடுகிறேன் சார் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டீச்சர் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். மாவில் எள் போடவா, ஓமம் போடவா என்று கேட்டார். இரண்டையும் போடுங்கள் என்றேன். நேரத்தை இன்னும் மாற்றவில்லை.